கண்டி மலையில் கொள்கலன் வீடு: பெட்டிக்கு யார் கடன் கொடுப்பார்?

பழைய கப்பல் கொள்கலன் ஒன்றை வாங்கப் போகிறவர் முதலில் படிக்கவேண்டியது, அதன் கதவில் தறையாணி அடித்துப் பொருத்தியிருக்கும் சின்ன உலோகத் தகட்டைத்தான். பாதுகாப்பான கொள்கலன்களுக்கான 1972ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையின் கீழ் வந்த தகடு அது. பெட்டி செய்யப்பட்ட மாதமும் ஆண்டும், அது சுமக்கக்கூடிய மொத்த எடை, அதன்மேல் எவ்வளவு பாரம் அடுக்கலாம் என்ற கணக்கு எல்லாம் அதில் பொறித்திருக்கும். அதிலேயோ பக்கத்திலேயோ, தரைப் பலகைக்கு என்ன பூச்சிமருந்து ஏற்றப்பட்டது, எந்த ஆண்டில் என்பதும் பெரும்பாலும் ஒரு வரியாக இருக்கும். கரையானும் வண்டும் கப்பலேறி நாடுவிட்டு நாடு போகாமலிருக்க ஏற்றிய மருந்து அது. நாளைக்கு அந்தப் பலகைமேல் பிள்ளை தவழப் போகிறது என்றால் அந்த வரியைப் படிக்காமல் விடக்கூடாது.

ஆனால் கண்டியில் வீடு கட்டுகிறவருக்கு மிகவும் தேவையான தகவல் அந்தத் தகட்டில் இல்லை. பெட்டி எந்த மண்ணில் உட்காரப் போகிறது, அந்த மண்ணுக்கு உறுதி யாரிடம் இருக்கிறது, மேலே உள்ள சரிவு எத்தனை மழைக்குத் தாங்கும்? கடன், அனுமதி, உயிர்ப் பாதுகாப்பு மூன்றும் இந்தக் கேள்விகளில்தான் தங்கியிருக்கின்றன. "கொண்டேனர் வீடு மலிவாமே" என்று தொடங்கும் பேச்சுகளில் இவை கடைசியாகவே வருகின்றன. அவற்றை முதலுக்குக் கொண்டுவருவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இந்தப் பேச்சு ஏன் இப்போது எழுகிறது என்பதற்குக் காரணங்கள் கண்முன்னே இருக்கின்றன. 2022இல் டொலரின் விலை சில மாதங்களுக்குள் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. சீமெந்து, கம்பி, ஓடு, வயர் எல்லாம் எட்டாத விலைக்குப் போயின. பாதியில் நின்ற வீடுகளைக் கட்டுகஸ்தோட்டையிலும் குண்டசாலையிலும் தெருவுக்குத் தெரு பார்க்க முடிந்தது. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் போர்ட்டா கேபினில் வருடக்கணக்கில் இருந்து பழகியவர்கள். கத்தாரில் 2022 உலகக் கிண்ணத்துக்காக 974 கொள்கலன்களைக் கொண்டு ஒரு விளையாட்டரங்கையே எழுப்பியதையும் பலர் பார்த்தார்கள். பிறகு 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மாவட்டங்களில் கண்டியிலேயே அதிக உயிர்கள் போயின. வீடிழந்தவர்களுக்கு விரைவாக ஏதாவது கூரை வேண்டும் என்ற கேள்வி அவசரமானது.

பெட்டியின் அளவுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1956 ஏப்ரலில் மல்கம் மக்லீன் என்ற அமெரிக்கப் போக்குவரத்துத் தொழிலதிபர் 58 பெட்டிகளை 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்கு அனுப்பினார். அதன் பின்னர் அளவுகள் உலகம் முழுவதற்கும் பொதுவாயின. இருபதடிப் பெட்டியின் வெளி அகலம் 8 அடி, நீளம் 20 அடி, வெறும் எடை இரண்டேகால் தொன் அளவு. நாற்பதடிப் பெட்டி மூன்றே முக்கால் தொன் அளவுக்கு வரும். சாதாரணப் பெட்டியின் உள்ளுயரம் 2.39 மீற்றர். தரையும் கூரையும் வெப்பத்தடுப்புப் போட்டு மூடினால் அது இன்னும் குறையும். அந்த உயரத்தில் வசிப்பறை காட்டி பிளான் போட்டால் அனுமதி வழங்கும் மேசையில் சிக்கல் வரும். ஆகவே ஓரடி கூடுதல் உயரமுள்ள 'ஹை கியூப்' பெட்டியைத் தேடுவதே புத்தி.

மலையகத் தமிழர் ஒருவர் இந்த அளவுகளைக் கேட்டால் மனத்தில் உடனே வேறொரு அளவு வந்து நிற்கும். லயத்துக் காம்பறா 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். இருபதடிக் கொள்கலன் அந்தக் காம்பறாவைவிடச் சிறிதளவே பெரியது; அகலத்தில் அதைவிடக் குறுகியது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர இருப்பது கண்டி மாவட்டத்தில்தான். அந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக லயத்தில் கிடந்தவர்களிடம் எட்டடி அகல இரும்புப் பெட்டியை வீடு என்று காட்டுகிறவர், அது ஏன் இன்னொரு லயமாக மாறாது என்பதை முதலில் விளக்கக் கடமைப்பட்டவர். இரண்டு நாற்பதடிப் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்து நடுச்சுவரை எடுத்தால் 600 சதுர அடி கிடைக்கும். அது வேறு பேச்சு. அங்கே குடும்பம் இருக்கலாம். ஒற்றைப் பெட்டியைக் குடும்ப வீடு என்று சொல்ல என்னால் முடியாது.

கடன் எங்கே சிக்குகிறது

இனிப் பணம். இலங்கையில் வீட்டுக் கடன் என்பது உண்மையில் காணிக் கடன். அரச ஈட்டு முதலீட்டு வங்கியோ, தேசிய சேமிப்பு வங்கியோ, இலங்கை வங்கியோ, மக்கள் வங்கியோ, எங்கே போனாலும் கேட்கும் கட்டு ஏறக்குறைய ஒன்றுதான்: காணி உறுதி, முப்பது வருட உரிமைத் தேடல், நில அளவையாளரின் படம், தெருவெல்லைச் சான்றிதழ், உள்ளூராட்சி சபை அங்கீகரித்த பிளான், வேலை மதிப்பீடு. வங்கி ஈடாக எடுப்பது மண்ணை. வீடு அந்த மண்ணோடு சேர்ந்து வருவது. எங்கள் பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டத்தின்படி, நிலத்தில் நிரந்தரமாகப் பொருத்தியது நிலத்தின் பகுதியாகிவிடும். செங்கல் வீட்டுக்கு இதில் ஐயமே எழுவதில்லை. நாலு கட்டைமேல் தூக்கி வைத்த இரும்புப் பெட்டிக்கு எழும்.

விற்பவர்கள் சொல்லும் பெரிய நன்மை, "வேண்டாமென்றால் தூக்கிக்கொண்டு போகலாம்" என்பது. அதே வாக்கியத்தை வங்கி முகாமையாளர் கேட்டால் கோப்பை மூடிவிடுவார். ஒரு லொறியும் ஒரு கிரேனும் வந்தால் இரவோடிரவாகக் காணாமல் போகக்கூடிய பொருளை எந்த மதிப்பீட்டாளரும் பதினைந்து வருட ஈட்டின் பகுதியாகக் கணக்கிடமாட்டார். காணியின் பெறுமதி மட்டும் போதுமென்றால் கடன் கிடைக்கும். பெட்டியின் பெறுமதியை நம்பிப் போனால் கிடைக்காது. அப்படித் திரும்பி வருகிறவர் தனிநபர் கடனுக்கும், நகை அடகுக்கும், சீட்டுக்கும், வெளிநாட்டிலிருக்கும் மகனின் தவணைக்கும் போகிறார்.

இதன் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். வட்டி வீதங்கள் இங்கே உதாரணத்துக்காக. 12 சதவீத வட்டியில் 15 வருட ஈட்டுக் கடனுக்கு, ஒரு லட்சத்துக்கு மாதம் 1,200 ரூபாய் கட்ட வேண்டும். 16 சதவீத வட்டியில் 5 வருடத் தனிநபர் கடனுக்கு, அதே ஒரு லட்சத்துக்கு மாதம் 2,432 ரூபாய். அதாவது 20 லட்சத்துக்குத் தனிநபர் கடன் எடுத்துப் பெட்டி வீடு செய்கிறவரின் மாதத் தவணை 48,600 ரூபாய். 40 லட்சத்துக்கு ஈட்டுக் கடன் எடுத்துச் செங்கல் வீடு கட்டுகிறவரின் தவணை 48,000. வீட்டின் விலை பாதி, மாதச் சுமை ஒன்றே. குறுகிய கடனில் மொத்த வட்டி குறைவு என்பது உண்மை, ஐந்து வருடத்தில் முடிந்துவிடும் என்பதும் உண்மை. ஆனால் மாதச் சம்பளத்தில் வாழும் ஆசிரியருக்கோ கடை ஊழியருக்கோ அந்த ஐந்து வருடத்தைத் தாண்டுவதுதான் பிரச்சினை.

வட்டி ஏறினால் என்ன ஆகும் என்பதையும் மறக்கக்கூடாது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மிக நம்பகமான வாடிக்கையாளருக்கு வங்கிகள் கொடுக்கும் முதன்மைக் கடன் வட்டிகூட அந்த ஆண்டு முடிவில் 26 சதவீதத்துக்கு மேலே நின்றது. மேலே சொன்ன 15 வருடக் கடனின் வட்டி 12இலிருந்து 24 ஆனால் லட்சத்துக்கு 1,200 ரூபாய் 2,058 ஆகிவிடும். 2024 நவம்பரில் மத்திய வங்கி ஒற்றைக் கொள்கை வட்டி வீதத்துக்கு மாறி அதை 8 சதவீதத்தில் வைத்தது. 2025 மே மாதம் 7.75 ஆக்கியது. காலம் இப்போது அமைதியாக இருக்கிறது. ஆனாலும் மாறும் வட்டியில் கையெழுத்திடுகிறவர், 24 சதவீதத்திலும் தவணை கட்ட முடியுமா என்று ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.

அதிகம் பேசப்படாத இன்னொரு சிக்கல், பணம் கைக்கு வரும் நேரம். வங்கி கட்டம் கட்டமாகத்தான் விடுவிக்கும்: அஸ்திவாரம் முடிந்தால் ஒரு பங்கு, கூரை ஏறினால் ஒரு பங்கு, பூச்சு முடிந்தால் மீதி. ஒவ்வொரு முறையும் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார். கொள்கலன் விற்பவரோ பெட்டி முற்றத்தை விட்டுக் கிளம்பும் முன்பே பணத்தைக் கேட்பார். வெல்டிங் வேலையெல்லாம் அவருடைய பட்டறையில் நடக்கும். உங்கள் காணியில் வங்கி அதிகாரி வந்து பார்க்க ஒன்றுமே இருக்காது. செங்கல் வீட்டுக்காக வகுத்த கடன் முறைக்குள் பட்டறையில் முடிந்து வரும் வீடு பொருந்தவில்லை. இந்த இடைவெளியை நிரப்பக் கைப்பணம் வேண்டும். அது இல்லாதவர் கந்துவட்டியில் போய் விழுகிறார்.

சம்பளக்காரர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதியில் உள்ள தொகையில் 75 சதவீதம் வரை வீட்டுக் கடனுக்குப் பிணையாக வைக்கும் ஏற்பாடு 1988இன் சட்டத்திருத்தத்திலிருந்து உண்டு. 2012ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்தபின், பத்து வருடத்துக்கு மேல் பங்களித்தவர் வீட்டுக்காக 30 சதவீதத்தை ஓய்வுக்கு முன்னரே எடுக்கவும் வழி பிறந்தது. பெட்டி வீட்டுக்கு இது ஓரளவு பொருத்தமானது, ஏனென்றால் பிணை மண்ணில் இல்லை, உழைப்பில் இருக்கிறது. ஆனால் முதுமைக்கென்று இருக்கும் ஒரே சேமிப்பு அதுதான். அந்தப் பணம் முதலில் தடுப்புச் சுவருக்கும் வடிகாலுக்கும் போகட்டும் என்பேன். பெட்டியை இரண்டு வருடம் கழித்தும் வாங்கலாம்.

ஈட்டுக் கடனுக்கே போக விரும்புகிறவர், பெட்டியைப் பெட்டியாகக் காட்டாமல் கட்டடமாகக் காட்ட வேண்டும். பொறியியலாளர் கையெழுத்திட்ட அஸ்திவார வரைபடம், மூலைக் கட்டைகளை கொங்கிறீட்டோடு பூட்டும் ஆணிகளின் விபரம், மேற்கூரை, மலசலகூடக் குழி, மின்சாரத்துக்கு நிலத்தொடுப்பு எல்லாம் மதிப்பீட்டில் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் உள்ளூராட்சி சபையிடமிருந்து இணக்கச் சான்றிதழையும் பெற வேண்டும். அதன்பிறகு அது சட்டத்தின் கண்ணில் வீடு. தூக்கிப் போகும் சுதந்திரம் அப்போது போய்விடும். அந்த விலையைக் கொடுத்தால்தான் பதினைந்து வருடக் கடன் கிடைக்கும்.

சரிவு

கண்டியில் சமதரை என்பது பெரும்பாலும் வயல் அல்லது ஆற்றங்கரை, மற்றதெல்லாம் சரிவு. ஹந்தானை, அம்பிட்டிய, கலஹா, தெல்தோட்டை என்று நகரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் வீடு கட்டுவது என்றால் முதல் வேலை மலையை வெட்டுவது. ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் நிரப்பி, பாதி வீடு கெட்டி மண்ணிலும் பாதி வீடு நிரப்பிய மண்ணிலும் நிற்கும். மழைக்காலத்தில் முதலில் வெடிப்பது அந்த இரண்டும் சேரும் கோட்டில்தான்.

இந்த இடத்தில் கொள்கலனுக்கு உண்மையான ஒரு பலம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அது பாரத்தை நாலு மூலைத் தூண்கள் வழியாக இறக்கும் பொருள். கப்பலில் ஒன்பது அடுக்கு நிற்பதும் அந்த மூலைகளின் பலத்தில்தான். ஆகவே இருபதடிப் பெட்டிக்கு நாலு கொங்கிறீட் தூண்கள் போதும். சரிவுக்குக் குறுக்கே, மலையின் மட்டக்கோட்டை ஒட்டிப் பெட்டியை வைத்து, கீழ்ப்பக்கத் தூண்களை உயர்த்திவிட்டால் மலையை வெட்டவே தேவையில்லை. அதே அளவு அறைக்கு ஒன்பதங்குலச் செங்கல் சுவர் எழுப்பினால் சுவர் மட்டுமே 15 தொன் அளவுக்கு வரும். இரும்புப் பெட்டி உள்வேலைகளோடு சேர்த்தும் அதில் பாதியை எட்டாது. மண்ணுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் நடைமுறையில் நடப்பது நேர்மாறானது. கிரேன் நிற்க இடம் வேண்டும், நாற்பதடி நீளத்துக்குச் சமதரை வேண்டும் என்று பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து, செங்கல் வீட்டுக்கு வெட்டுவதைவிட நீளமாக மலையை வெட்டுகிறார்கள். இலேசான வீட்டுக்காகக் கனமான காயம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுக்கு ஆண்டு திரும்பத் திரும்பச் சொல்வது, முறையற்ற சரிவு வெட்டும் மழைநீர் போக வழியில்லாமையும் மண்சரிவை வரவழைக்கின்றன என்பதைத்தான். 1984இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1990கள் முதல் மலைநாட்டின் மண்சரிவு அபாய வலய வரைபடங்களைத் தயாரித்து வருகிறது. கண்டி மாவட்டத்தில் வீட்டுக்கு அனுமதி கேட்கும்போது அதன் அறிக்கை தேவைப்படுவதும் அதனால்தான். மழைக்காலத்தில் அது வைத்திருக்கும் அளவுகோலை எல்லோரும் மனப்பாடம் செய்யலாம்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் அல்லது ஒரு மணி நேரத்தில் 75 பெய்தால் வீட்டை விட்டு வெளியேறுவது.

பெட்டி வீட்டுக்கு அனுமதி தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் அபிவிருத்தி வேலை எதற்கும் அனுமதி வேண்டும். சுவர் செங்கல்லா இரும்பா என்பது அங்கே இரண்டாம் கேள்வி. கண்டி நகரம் 1988இலிருந்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இருப்பதால், தலதா மாளிகையைச் சுற்றிய மையப் பகுதியில் கட்டடத்தின் உயரமும் தோற்றமும் தனிக் கவனத்துக்கு உள்ளாகும். குண்டசாலை, ஹாரிஸ்பத்துவ, யட்டிநுவர போன்ற பிரதேச சபை எல்லைகளுக்குள் போனால் அந்த அழுத்தம் குறையும். சரிவின் அழுத்தம் குறையாது.

அனுமதியை வெறும் காகிதமாகப் பார்க்கிறவர்கள் பூவெலிகடவை நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 செப்டெம்பர் 20ஆம் திகதி விடியும் முன்னர் கண்டி நகருக்குள்ளேயே இருக்கும் அந்த இடத்தில் பல மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. மூவர் இறந்தார்கள், ஒருவர் கைக்குழந்தை.

பாதையைப் பற்றி ஒரு குறிப்பு. கொழும்பிலிருந்து கண்டிக்கு 115 கிலோமீற்றர் அளவு. ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் கப்டன் டோசன் வகுத்த கடுகண்ணாவ ஏற்றத்தில் நாற்பதடி ட்ரெய்லர்கள் தினமும் ஏறுகின்றன. சிக்கல் கடைசி இரண்டு கிலோமீற்றரில். பதினாறு மீற்றர் நீளமுள்ள வாகனம் தோட்டப் பாதையின் கொண்டை வளைவில் திரும்பாது. தாழ்வான மின்கம்பி, பழைய மதகு, பலாமரக் கிளை ஒவ்வொன்றும் ஒரு தடை. விலை கேட்கும் முன் பாதையை நடந்து அளந்து பார்ப்பவர் பெரும்பாலும் இருபதடிப் பெட்டிகளுக்கே இறங்கி வருவார். அந்தக் கடுகண்ணாவப் பாதையும் 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவவில் மண்சரிந்து உயிர்களைக் காவுகொண்டது.

மழையும் அடுப்பும்

இரும்பு வெயிலில் சுடும், இரவில் குளிரும். கலஹாவுக்கு மேலே இரவுக் குளிரில், உள்ளே நாலு பேர் தூங்கும் பெட்டியின் சுவரில் மூச்சின் ஈரம் நீர்த்துளியாக இறங்கும். சரியான வெப்பத்தடுப்பும் அதற்குள் நீராவித் தடையும் இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டியின் தட்டையான கூரையில் கண்டி மழை தேங்கி நிற்கும். துருப்பிடிப்பது அங்கிருந்துதான் தொடங்கும். கொள்கலனுக்குப் பயன்படும் உருக்கு துருவை மெதுவாக்கும் வகை என்றாலும், ஜன்னலுக்காக வெட்டிய விளிம்புகளிலும் வெல்டிங் ஓடிய இடங்களிலும் அந்தப் பாதுகாப்புப் போய்விடுகிறது. ஆகவே பெட்டிக்கு மேலே, காற்றோட இடைவெளி விட்டு, நாலு பக்கமும் இறவாணம் நீட்டிய சரிவான தனிக் கூரை வேண்டும். கண்டியின் பழைய வீடுகளில் நீண்டு இறங்கும் ஓட்டுக்கூரை அழகுக்காக மட்டும் வந்ததன்று. சுவரை மழையிலிருந்து காக்க வந்தது. அந்தக் கூரை, தூண்கள், வெப்பத்தடுப்பு, கிரேன், மலசலகூடம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், விளம்பரத்தில் கண்ட பெட்டியின் விலை மொத்தச் செலவில் ஒரு சிறு பங்காக ஒதுங்கிவிடும்.

குசினி இன்னொரு கேள்வி. விறகடுப்பு எரியும் வீட்டில் புகை போக வழி இல்லாத இரும்பு அறை ஆபத்து. பெட்டிக்கு வெளியே, தனிக் கூரையின் நீட்சியில் அடுப்படி வைப்பது நல்லது.

இந்தக் கேள்விகளெல்லாம் இந்த நாட்டில் ஏற்கெனவே ஒருமுறை, பெரிய அளவில், தமிழர்களின் வீடுகள் விஷயத்திலேயே எழுந்திருக்கின்றன. போரில் வீடிழந்த வடக்கு கிழக்கு மக்களுக்கு 65,000 உருக்கு வீடுகளை ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தைக் கொண்டு கட்டும் திட்டத்தை 2015, 2016ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் முன்வைத்தது. மீள்குடியேற்ற அமைச்சராக டி. எம். சுவாமிநாதன் இருந்த காலம். வீடு ஒன்றின் விலை முதலில் 21 லட்சம் ரூபாய் அளவில் சொல்லப்பட்டது. அதே மக்களுக்கு இந்திய வீடமைப்புத் திட்டம் கொடுத்த தொகை வீட்டுக்கு 5.5 லட்சம். அதைப் பெற்றவர்கள் ஊர் மேசன் பாஸைக் கொண்டு, தாங்களும் கல் சுமந்து, சீமெந்துக் கல் வீடு கட்டினார்கள். உருக்கு வீட்டைக் கடனில் கொண்டுவந்தால் அந்தக் கடனை முழு நாடும் கட்ட வேண்டும். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எதிர்த்தது. பொறியியலாளர்களும் கட்டடக் கலைஞர்களும் அஸ்திவாரம், வெப்பம், காற்றோட்டம், நீடித்து நிற்கும் காலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். விறகடுப்புக்குப் புகைபோக்கி எங்கே என்று கேட்டார்கள். பிள்ளைக்குக் கல்யாணமானால் இன்னோர் அறை எப்படி இழுப்பது, ஒரு தகடு நெளிந்தால் ஊரில் யார் திருத்துவது என்றும் கேட்டார்கள். திட்டம் நினைத்தபடி நடக்காமல் கைவிடப்பட்டு, கல் வீடுகளுக்கே அரசாங்கம் திரும்பியது.

அந்தத் தோல்வியை உருக்கின் தோல்வி என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. குடியிருப்பவரைக் கேட்காமல் வந்த நிதித் திட்டம் அது. மாறாக, ஜப்பானின் ஒனகாவாவில் 2011 சுனாமிக்குப் பிறகு கட்டடக் கலைஞர் ஷிகெரு பான், கொள்கலன்களை மூன்று மாடி வரை சதுரங்கக் கட்டம் போல இடைவெளி விட்டு அடுக்கி 189 குடும்பங்களுக்குத் தற்காலிக வீடுகள் செய்தார். ஒனகாவாவும் சமதரை குறைந்த மலைக்கரை ஊர். அங்கே மண் கேள்வி முதலிலேயே தீர்ந்துவிட்டது: ஊரின் பேஸ்போல் மைதானம் இடமாகக் கொடுக்கப்பட்டது. கடன் கேள்வியும் இல்லை, செலவு அரசுடையது. தற்காலிகம் என்று சொல்லித்தான் கட்டினார்கள். டித்வாவுக்குப் பிறகு கண்டியில் கொள்கலனுக்கு நியாயமான இடம் ஒன்று இருக்குமானால் அது இதுதான்: அபாயமற்ற பொதுக் காணியில், முடியும் திகதி சொல்லி, அரசின் செலவில், கல் வீடு எழும்வரை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கோ குடியிருக்கும் இடமே உறுதியாக இல்லை. லயம் நிற்கும் மண் அவர்களுடையதல்ல. 1992இல் கம்பனிகளுக்குப் போன தோட்டங்களின் குத்தகை 53 வருடம், 2045 வரை. கண்டி மாவட்டத்தில் அரச அமைப்பான ஜனவசமவினதும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தினதும் கையிலிருக்கும் தோட்டங்களிலும் குடியிருப்பவர் பெயரில் உறுதி இல்லை. உறுதி இல்லாதவருக்கு ஈட்டுக் கடன் இல்லை, பிளானில் கையெழுத்தில்லை. தூக்கிப் போகக்கூடிய பெட்டி இவர்களுக்குத்தான் பொருத்தம் என்று ஒருவர் வாதிடலாம்; மண் இல்லாதவருக்கு மண் கேட்காத வீடு. அந்த வாதத்தை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். மலையகத்தில் இந்திய உதவியுடன் கட்டும் வீட்டின் அளவு 550 சதுர அடி, காணி 7 பேர்ச். முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 அறிவித்தார். தேவையோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை சிறியது, வேகம் மிகக் குறைவு. ஆனாலும் அந்த 7 பேர்ச்சும் அதற்கான உறுதியும்தான் அந்தத் திட்டத்தின் உயிர். சுவர் என்னவாக இருந்தாலும், உறுதி கையில் வந்த குடும்பம் வங்கிப் படியேறலாம், அடுத்த அறையை இழுக்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம்.

காணி உள்ளவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. பெட்டிக்கு முற்பணம் கொடுக்கும் முன், நில அளவையாளரின் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கண்டி அலுவலகத்துக்கும், அதன்பிறகு உங்கள் சபையின் திட்டமிடல் அலுவலரிடமும், அதன்பிறகு வங்கிக்கும் போய்வாருங்கள். மூன்று இடத்திலும் ஆம் என்று எழுத்தில் வந்தபிறகு துறைமுகத்துப் பக்கம் போய், கதவில் இருக்கும் அந்தத் தகட்டைப் படியுங்கள்.